முகவரி, மறைப்பு, காப்பு: இல்லத்து இணையம் குறித்து ஒரு சொல்லாய்வு



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினித் துறைக்கு உரியது போலத் தோன்றும். இல்லத்தில் இருந்தபடி இணையத்தைப் பயன்படுத்துவோர் தம் ஐபி முகவரியை மறைத்தாக வேண்டுமா என்பதே அது. காணொளியின் இடையே வரும் விளம்பரங்கள், 'உங்கள் முகவரி ஊருக்கெல்லாம் தெரிகிறது' என்று நம்மை அச்சுறுத்துகின்றன. அதை மறைத்துத் தருவதற்கு மாதக் கட்டணமும் கேட்கின்றன. பணி ஓய்வு பெற்றோர், தனித்து வாழும் முதியோர் ஆகியோரே இவ்வச்சத்திற்கு எளிதில் ஆளாகின்றனர். இவ்வச்சத்தின் பெரும்பகுதி கருவியிலிருந்து பிறக்கவில்லை. 'முகவரி' என்னும் ஒரு சொல்லிலிருந்து பிறக்கிறது. ஆதலால் மொழியறிஞர் அவையில் இதனை ஆராய்வது பொருத்தமே.

முகவரியும் விலாசமும்

முகவரி என்பதில் முகம், வரி என்னும் இரண்டு சொற்கள் தெளிவாகத் தெரிகின்றன. மடலுறையின் முகப்பில் எழுதப்படும் வரி என்று அதற்குப் பொருள் கொள்வது இயல்பு. அது பிறர் பார்ப்பதற்காகவே எழுதப்படுகிறது. உறைக்குள் இருப்பதுதான் மந்தணம். உறையின்மேல் இருப்பது அஞ்சற்காரர் முதல் அனைவர்க்கும் தெரிந்தாக வேண்டியது.

இணையத்தின் அமைப்பும் இதுவே. நாம் அனுப்பும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் பெறுநர் எண்ணும் அனுப்புநர் எண்ணும் இருக்கும். பெறுநர் எண் இல்லையேல் பொதி போய்ச் சேராது. அனுப்புநர் எண் இல்லையேல் மறுமொழி திரும்பி வாராது. அந்த எண்ணையே ஐபி முகவரி என்கிறோம். நாம் பார்க்கும் ஒவ்வோர் இணையத்தளமும் அதனை அறியும் என்று விளம்பரம் கூறுவது உண்மையே. ஆனால் அது கசிவு அன்று. மடல் போக்குவரத்தின் இலக்கணம்.

இந்த எண் எதனைக் குறிக்கிறது? 1981ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறைப்படி அது 32 இருமக் குறிகளால் ஆனது. அவ்வகையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே அமைய முடியும். உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதவில்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டு முடிந்தன. அதற்குப் பின் வந்த 128 குறி முறையில் எண்ணுக்குப் பஞ்சமில்லை எனினும், பழைய முறை இன்னும் வழக்கொழியவில்லை. பற்றாக்குறைக்குத் தீர்வு பகிர்வு. ஒரு வீட்டின் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் திசைவியின் பின்னே நின்று, வெளியுலகிற்கு ஒரே எண்ணால் தோன்றுகின்றன. உள்ளே அவற்றுக்குரிய எண்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதே எண்கள் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் வழங்குகின்றன. கைப்பேசி வலையமைப்புகளிலோ பல பயனாளர்கள் ஒரே எண்ணின் பின்னே நிற்பதும் உண்டு.

இதனைச் சிங்கப்பூர்த் தமிழர்க்கு விளக்க நம் வணிக வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை உள்ளது. முகவரியைக் குறிக்க நம் பேச்சில் விலாசம் என்னும் சொல்லும் வழங்குகிறது. நகரத்தார் வணிகத்தில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. உரிமையாளர், அவர்தம் முன்னோர் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த நிறுவனக் குறியையே அவர்கள் விலாசம் என்றனர். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொருவர்க்கும் சிறிதளவு இடமும் ஒரு மேசைப் பெட்டியுமே உரியவை. வாயிலில் இருந்த தெரு எண் எல்லார்க்கும் பொது. வந்த மடல் எவருக்கு உரியது என்பதைத் தெரு எண் சொல்லாது, விலாசமே சொல்லும்.

ஐபி முகவரி என்பது கிட்டங்கியின் தெரு எண்ணைப் போன்றது. அதனை ஆளைக் குறிக்கும் விலாசமாகக் கருதுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

இடவாகுபெயரின் எல்லை

இடத்தின் பெயர் அங்கு உள்ளோர்க்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்கிறோம். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரார் சிரித்தனர் என்று பொருள். ஆகுபெயரைத் தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் வைத்துப் பேசுகிறது. பேச்சிலும் செய்யுளிலும் அழகு சேர்க்கும் இம்மரபு, குற்றத்தை ஆராயும்போதும் ஆளைத் தேடும்போதும் பிழையாகிவிடக்கூடும். இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

முதற் சான்று அமெரிக்காவிலிருந்து. மேக்ஸ்மைண்ட் என்னும் நிறுவனம் ஐபி எண்களை நிலப்படத்தில் பொருத்திக் காட்டும் சேவையை வழங்குகிறது. ஓர் எண் அமெரிக்காவில் உள்ளது என்பதற்குமேல் எதுவும் தெரியாதபோது, நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளியை அது விடையாகக் காட்டி வந்தது. அப்புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அவ்வீட்டைச் சுட்டின. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் காவலர்களும் அரசு அலுவலர்களும் இணையத்தில் ஏமாற்றப்பட்டோரும் அவ்வீட்டின் கதவைத் தட்டினர். அங்கு வாழ்ந்தோர் எக்குற்றமும் அறியாதவர்கள். 2016இல் செய்தி வெளிவந்த பின்னரே நிறுவனம் அப்புள்ளியை ஒரு நீர்நிலையின் நடுவே மாற்றியது. எண் அவர்களுடையதே அன்று. ஆகவே அவர்கள் எதனையும் மறைத்திருந்தாலும் பயன் இராது. அவர்களுக்குத் தீங்கு செய்தது, முகவரி என்றாலே வீடு என்று கொண்ட பிறரது நம்பிக்கை.

நம் நாட்டின் எண் ஒன்றைத் தேடினால் என்ன கிடைக்கும்? சேவை வழங்கும் நிறுவனத்தின் பெயரும் சிங்கப்பூர் என்னும் பெயரும் கிடைக்கும். சில வேளைகளில் தீவின் ஏதோவொரு பகுதி தோராயமாகக் காட்டப்படும். வீவக கட்டட எண்ணோ மாடி எண்ணோ அதில் இல்லை. எந்த நேரத்தில் எந்த எண் எந்தச் சந்தாதாரருக்கு அளிக்கப்பட்டிருந்தது என்னும் பதிவு சேவை நிறுவனத்தின் ஏட்டில்தான் உள்ளது.

அந்த ஏடு எப்போது திறக்கும்? இரண்டாம் சான்று அதனைக் காட்டும். 2007இல் ஓடெக்ஸ் என்னும் சிங்கப்பூர் நிறுவனம், ஜப்பானிய அசைபடங்களை உரிமமின்றிப் பதிவிறக்கிய ஐபி எண்களைத் திரட்டி, அவற்றுக்கு உரிய சந்தாதாரர் யாவர் எனக் கேட்டு நீதிமன்றத்தை நாடியது. பசிபிக் இன்டர்நெட் நிறுவனம் அதனை எதிர்த்தது. மாவட்ட நீதிமன்றம் ஓடெக்ஸின் கோரிக்கையை மறுத்தது. 2008 ஜனவரியில் உயர் நீதிமன்றம், படங்களின் உரிமையாளர்களான ஜப்பானிய நிறுவனங்களுக்கு அவ்விவரத்தைத் தருமாறு ஆணையிட்டது. இவ்வழக்கிலிருந்து இரண்டு செய்திகளை நாம் பெறுகிறோம். ஒன்று: எண்ணை ஆளோடு இணைக்கும் ஏடு, கேட்பவர்க்கு அதற்கான உரிமை உண்டா என நீதிமன்றம் ஆராய்ந்த பின்னரே அங்குத் திறந்தது. மற்றொன்று: அந்த ஏட்டில் இருப்பது சந்தாவுக்குப் பணம் கட்டுபவரின் பெயர். பதிவிறக்கியவர் மகனா, விருந்தினரா, வாடகைக்கு இருப்பவரா என்பதை அது சொல்லாது. இடத்தின் பெயரால் ஆளைச் சுட்டும் ஆகுபெயர் இவ்விடத்தில் தடுமாறுகிறது.

மறைத்தால் மறையுமா?

அனுப்புநர் எண் இன்றி மறுமொழி வாராது என்றோம். ஆகவே ஐபி முகவரியை அறவே நீக்க இயலாது; வேறொருவரின் முகவரியை முன்னிறுத்தவே இயலும். விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு செய்வது இதுவே. நம் பொதிகள் முதலில் அந்நிறுவனத்திற்குச் செல்கின்றன. அங்கிருந்து அதன் எண்ணைத் தாங்கி வெளியே போகின்றன. இணையத்தளத்திற்கு நம் எண் தெரியாது. இல்லத்துச் சேவை நிறுவனத்திற்கு நாம் எங்குச் செல்கிறோம் என்பது தெரியாது. ஆனால் விபிஎன் நிறுவனத்திற்கோ இரண்டும் தெரியக்கூடும். இங்கு நிகழ்வது மறைதல் அன்று, நம்பிக்கை கைமாறுகிறது. உரிமம் பெற்று, உள்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டு இயங்கும் ஒரு நிறுவனத்திடம் இருந்த நம்பிக்கையை, எந்நாட்டில் எவரால் நடத்தப்படுகிறது எனத் தெரியாத ஒன்றிடம் ஒப்படைக்கிறோம்.

இதற்கு ஒனாவோ ஓர் எச்சரிக்கை. 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய அந்நிறுவனம், பயனாளரின் தரவைக் காப்பதாகக் கூறி விபிஎன் செயலி ஒன்றை இலவயமாக வழங்கியது. அதன்வழிச் சென்ற தரவோ, மக்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பதை ஃபேஸ்புக் அறிந்துகொள்ளப் பயன்பட்டது. 2019இல் அச்செயலி நிறுத்தப்பட்டது. பயனாளரைத் தவறாக வழிநடத்தியதற்காக ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 2023இல் தொடர்புடைய இரு துணை நிறுவனங்களுக்கும் சேர்த்து 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. எல்லா விபிஎன் நிறுவனங்களும் இத்தகையன என்று நாம் கூற வரவில்லை. மறைப்பவரே பார்ப்பவராகவும் இருக்க முடியும் என்பதே நாம் சொல்ல வருவது.

அன்றியும், ஐபி எண்ணை மறைத்துக்கொண்டு, சொந்தப் பெயரில் மின்னஞ்சலையோ சமூக ஊடகத்தையோ திறப்பவர், முகமூடி அணிந்து வந்து வாயிலில் தம் பெயரைச் சொல்லி நுழைபவரை ஒப்பர். கணக்குப் பெயர், உலாவியில் தங்கும் குக்கீ, நாமே அளித்த தொலைபேசி எண் ஆகியவை ஐபி எண்ணைவிட நுட்பமாக நம்மை அடையாளங்காட்டுகின்றன. விளம்பர நிறுவனங்கள் ஐபி எண்ணையும் ஒரு துணைக் குறியாகப் பயன்படுத்துகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வெண்ணை மறைத்தால் அத்துணைக் குறி ஒன்றே குறையும். எஞ்சியவை அப்படியே நிற்கும். மடலின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் மறையாக்கத்துடனேயே இயங்குகின்றன. நாம் எத்தளத்திற்குச் செல்கிறோம் என்பதை வழியில் உள்ளவர் அறியலாம். அங்கு என்ன எழுதினோம் என்பதை அறிய முடியாது. உறை ஏற்கெனவே ஒட்டப்பட்டுத்தான் செல்கிறது.

குறிப்பெண்ணும் திறவுசொல்லும்

ஓர் ஐயம் எழலாம். 2016இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மாறும் தன்மையுள்ள ஐபி முகவரியும் சில சூழல்களில் தனிமனிதத் தரவு ஆகும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாறாயின் அதனை மறைப்பதுதானே முறை? இல்லை என்பதே நம் விடை. பெயரும் தனிமனிதத் தரவுதான். அதற்காக நாம் பெயரில்லாமல் வாழ்வதில்லை. அத்தீர்ப்பு, தரவைக் கையாள்வோர்க்குக் கடமையை விதிக்கிறது. இல்லத்தார் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று கூறவில்லை. நிறுவனத்தின் கடமையைக் குடிமகனின் செலவாக மாற்றுவது விளம்பரத்தின் வேலை.

2024 டிசம்பரில் அடையாள அட்டை எண் குறித்து நம் நாட்டில் எழுந்த விவாதம் நினைவிருக்கும். புதிய பிஸ்ஃபைல் தளத்தில் முழு எண்களும் தேடலில் தெரிந்தபோது மக்கள் கவலையுற்றனர், அவ்வசதி நிறுத்தப்பட்டது. அப்போது அரசாங்கம் எடுத்துரைத்த வேறுபாடு மொழியியலார்க்கு உவப்பானது. ஒருவரை இன்னார் எனச் சுட்டும் எண் வேறு. அவர்தாம் இவர் என மெய்ப்பிக்கும் குறி வேறு. சுட்டும் எண்ணையே கடவுச்சொல்லாகப் பயன்படுத்தியதுதான் ஆபத்தின் வேர். முன்னதைக் குறிப்பெண் என்றும் பின்னதைத் திறவுசொல் என்றும் நாம் அழைக்கலாம். குறிப்பெண் பலர்க்குத் தெரிந்தும் நாம் பாதுகாப்பாக இருக்க இயல வேண்டும். திறவுசொல் ஒருவர்க்குத் தெரிந்தாலும் வீடு திறந்துவிடும். ஐபி முகவரி முதல் வகையைச் சார்ந்தது.

'எண் தெரிந்தால் ஊடுருவி வந்துவிடுவார்களே' என்பாரும் உளர். ஊடுருவுவோர்க்கு நம் எண்ணை முன்னரே அறியும் தேவை இல்லை. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஸீமேப் என்னும் மென்பொருள், பழைய முறையின் பொது எண்கள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்திற்குள் தட்டிப் பார்க்க வல்லது. எல்லாக் கதவுகளையும் தட்டுபவனுக்கு முகவரிப் புத்தகம் எதற்கு? 2016இல் பரவிய மிராய் என்னும் நச்சுநிரல், இணையத்தில் கண்டபடி எண்களைத் தட்டி, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் திசைவிகளையும் கைப்பற்றியது. அறுபதுக்கு மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளே அதன் படைக்கலம். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் இணையச் சேவை இருமுறை தடைப்பட்டது. வாடிக்கையாளர் இல்லங்களில் இருந்த நச்சேறிய கருவிகளிலிருந்தே அத்தாக்குதல் வந்ததென நிறுவனம் அறிவித்தது. இங்குத் தவறியது மறைப்பு அன்று, கதவின் பூட்டு. 2021 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் இல்லத் திசைவிகள் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தை நிறைவு செய்ய வேண்டும் என்னும் விதி நடப்பில் உள்ளது. அதற்கு முன் வாங்கிய திசைவி இன்னும் கூடத்தில் மின்னிக்கொண்டிருந்தால், மாதக் கட்டணம் செலுத்தி முகவரியை மறைப்பதைவிட அதனை மாற்றுவதே அறிவுடைமை.

பணம் பறிபோகும் வழியையும் பார்ப்போம். 2021 டிசம்பரையொட்டி, ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. அவை வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையில் தோன்றின. 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் அதனை ஈடுசெய்தது. அவர்களுள் எவருடைய ஐபி முகவரி மறைந்திருந்தாலும் இழப்பு குறைந்திராது. ஏனெனில் மோசடிக்காரர் தேடியது முகவரியை அன்று, திறவுசொல்லை. அவர்கள் பொய்யாகப் புனைந்ததோ அனுப்புநரின் விலாசத்தை. அதன் பயனாகவே 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்களில் வரும் குறுஞ்செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்னும் முத்திரையுடன் வருகின்றன. 2024ஆம் ஆண்டில் மோசடிகளால் சிங்கப்பூரில் ஏற்பட்ட இழப்பு குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி எனக் காவல்துறை அறிவித்தது. நம் முகவரியை மறைப்பதில் செலுத்தும் கவனத்தைப் பிறர் விலாசத்தை ஆராய்வதில் செலுத்தியிருந்தால் அவ்விழப்பில் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும்.

மறைக்க வேண்டியோர்

மறைப்பே வேண்டாம் என்பது நம் கட்சி அன்று. மந்தணச் செய்தியாளரோடு பேசும் இதழாளர், துன்புறுத்தும் ஒருவரிடமிருந்து விலகி ஒளிந்து வாழ்பவர், கருத்துக்காகப் பழிவாங்கப்படக் கூடியவர் ஆகியோர்க்கு ஐபி முகவரி காட்டும் ஊரளவான தகவலும் தீங்காகலாம். அவர்களுக்கு மறைப்புத் தேவை. அதனைத் தேர்ந்த அறிவுரையோடு செய்ய வேண்டும். இணைய விளையாட்டில் எதிரணியினரால் இணைப்பு முடக்கப்படும் இளையர்க்கும் அது உதவும். அலுவலக வலையமைப்போடு இல்லத்திலிருந்து இணைவதற்கு விபிஎன் இன்றியமையாதது; அதன் முதற்பயனே அதுதான். இவற்றில் எல்லாம் எவரிடமிருந்து, எதனை, எதற்காக மறைக்கிறோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை உண்டு. விடை இல்லாதவர் மறைப்பை வாங்கவில்லை. அச்சத்திற்குத் தவணை கட்டுகிறார்.

முடிபு

மறைத்தல் என்பது பிறர் காணாதவாறு செய்வது. காத்தல் என்பது பிறர் கண்டாலும் கேடு நேராதவாறு செய்வது. இரண்டையும் ஒன்றாக்கி விற்கின்ற விளம்பர மொழியே இன்று நம் இல்லங்களுக்குள் நுழைந்துள்ளது. இல்லத்துப் பயனாளர்க்குப் பொதுவாக வேண்டுவது காப்பே. திசைவியின் கடவுச்சொல்லை மாற்றுவது, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது, ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைப்பது, ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் சொல்லாதிருப்பது, குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல் வங்கியின் செயலியை நாமே திறப்பது ஆகிய ஐந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும் காப்புகள்.

மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அறிவியற் சொற்களைத் தமிழாக்கும்போது அவற்றின் வடிவத்தில் நாம் காட்டும் அக்கறையை, அவை மக்கள் மனத்தில் எழுப்பும் படிமத்திலும் காட்ட வேண்டும். முகவரி என்னும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அது நல்ல சொல். அது வீட்டின் பெயரன்று, மடலின் முகப்பில் எழுதும் வரி என்பதை வகுப்பறையிலும் முதியோர் நடுவங்களிலும் எடுத்துச் சொன்னாலே போதும். முகப்பு வரி வெளியே தெரிவதற்கு அஞ்ச வேண்டா. கதவைத் திறக்கும் சொல்லை நம் வாயாலேயே அயலாரிடம் சொல்லிவிடாதிருப்போம்.